மஞ்சக் கேசட்டும் மண்ணு பொம்மையும்

ரொம்ப நாளா இந்தப் பக்கம் தலை காட்டல. ஆணி ஜாஸ்தியான்னு கேட்டா, ஆமா, ஆனா ஆபீஸ் ஆணி இல்ல. ஒரு வருஷமா பொட்டி தட்டுற நேரம் போக மிச்ச நேரம் பூரா சால்டரிங் அயர்னும் கையுமா உக்காந்து டிவி கேம் கேசட் செஞ்சிட்டிருக்கேன். செய்றதுன்னா நெசமாவே செய்றது. சிப் வாங்கி, அதுக்குள்ள கேமை எழுதி, போர்டுல பத்த வெச்சு, டப்பாவுல அடைச்சு, பழைய டிவி கேம்ல சொருகினா ஓடணும். ஓடுது :-)

"செல்லுல எமுலேட்டர் போட்டா ரெண்டு நிமிஷத்துல வெளயாடலாம். இதுக்கு எதுக்குடா இம்புட்டு மெனக்கெடுற?" அப்படின்னு கூடப் படிச்ச நண்பன் கேட்டான். நியாயமான கேள்வி தான். வாயால சொல்லிப் புரிய வைக்க முடியல, அதான் பதிவாவே போட்டுடலாம்னு. கொஞ்சம் டெக்னிக்கலா இருக்கும், பயப்படாதீங்க. நடுநடுவுல எங்க அம்மா வருவாங்க, அவங்க பேச ஆரம்பிச்சா எல்லாம் புரிஞ்சிடும்.

மஞ்சக் கேசட்

தொண்ணூறுகள்லயும் 2000த்தோட ஆரம்பத்துலயும் வளந்தவங்களுக்கு டிவி கேம்னா என்னன்னு சொல்லத் தேவையில்ல. மீடியா, லிட்டில் மாஸ்டர்னு மேல பேரு மாறும். உள்ள இருக்கிறது ஒண்ணு தான். லீவு விட்டா எங்க தெருவுல ஒரு அண்ணன் வீட்டுத் திண்ணையில மணிக்கு அஞ்சு ரூவா. மரியோ, கான்ட்ரா, டேங்கு, சர்க்கஸ், வாத்து சுடுறது. மஞ்சக் கலர்ல ஒரு கேசட்டு, மேல '9999999 இன் 1' னு போட்டிருக்கும். தொண்ணூத்தொம்பது லட்சம் கேமையும் பாத்துடணும்னு அமுக்கிக்கிட்டே போனா, இருபது கேம் தாண்டினதும் மறுபடி மரியோ வருவாரு. ரெண்டாவது லெவல்ல இருந்து ஆரம்பிச்சா அது இன்னொரு கேமாம். சத்திய சோதனை!

இதோட மூலம் ஜப்பான்ல. 1983 ஜூலை 15ந் தேதி நிண்டெண்டோ வெளியிட்ட பேமிலி கம்ப்யூட்டர், சுருக்கமா பேமிகாம். அதை வடிவமைச்ச குழுவுக்குத் தலைமை மசயுகி உயெமுராங்கிற பொறியாளர். நம்ம திண்ணைக்கு வந்து சேந்தது அதோட நகல். ஒரிஜினல்ல தனித்தனியா இருந்த சிப்பு எல்லாத்தையும் பின்னாடி ஒரே சிப்புக்குள்ள அடக்கி, கறுப்பு எபாக்சிய ஒரு பொட்டு மாதிரி அது மேல ஊத்தி வெச்சிருப்பாங்க. கேசட்டைத் திறந்து பாத்தவங்களுக்குத் தெரியும், அங்கயும் அதே கறுப்புப் பொட்டு.

இன்னொரு வேடிக்கை சொல்றேன். ஜப்பான் டிவிக்கு செகண்டுக்கு 60 படம், நம்மூரு டிவிக்கு 50. அந்தக் காலத்து கேம் ஒவ்வொரு படத்துக்கும் ஒரு அடி எடுத்து வைக்கும், பாட்டும் அப்படித் தான். அதனால நாம கேட்டு வளந்த மரியோ பாட்டு, ஜப்பான் புள்ளைங்க கேட்டதை விட ஆறுல ஒரு பங்கு நிதானம். முதல் தடவை யூடியூப்ல ஒரிஜினலைக் கேட்டப்ப 'என்னடா இது, ரயிலைப் புடிக்கப் போற மாதிரி ஓடுது'ன்னு தான் தோணுச்சு. எனக்கு நகல் தான் ஒரிஜினல். இது முக்கியம், ஞாபகம் வெச்சுக்கோங்க.

எங்க ஊரு

நான் பொறந்து வளந்தது விருத்தாசலம். வெளியூர்க்காரங்களுக்கு ஜங்ஷன் தெரியும், பழமலைநாதர் கோயில் தெரியும். இன்னொண்ணு செராமிக் தொழிற்பேட்டை. பக்கத்துல நெய்வேலியில நிலக்கரி தோண்டுறப்போ மேல எடுத்துப் போடுற மண்ணுல நல்ல களிமண்ணும் வரும். அந்த மண்ணை நம்பி வந்தது தான் இங்க இருக்கிற சூளைங்க. டான்செம் கம்பெனியோட ஸ்டோன்வேர் பைப் ஆலை இங்க ஓடுச்சு. செராமிக் படிக்கிறதுக்குன்னே தனியா அரசு பாலிடெக்னிக் உண்டு. ஊறுகா ஜாடி, பீங்கான் ப்யூஸ் கட்டை, அகல் விளக்கு, கொலு பொம்மைன்னு எல்லாம் இங்க வெந்திருக்கு. கரண்டு சாமானும் செட்டியார் பொம்மையும் பக்கத்துப் பக்கத்துல வேகுற ஊரு.

எங்க அம்மா பதினெட்டு வருஷம் அங்க ஒரு பொம்மைப் பட்டறையில மோல்டு ஊத்துற வேலை பாத்தாங்க. வேலை இப்படி: பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ்ல ரெண்டு பாதியா மோல்டு இருக்கும். அதைச் சேத்துக் கட்டி, தயிர் பதத்துல இருக்கிற களிமண் கரைசலை உள்ள ஊத்தணும். அவங்க பாஷையில ஸ்லிப்பு. பிளாஸ்டர் தண்ணிய உறிஞ்ச உறிஞ்ச, ஓரத்துல மண்ணு தோல் மாதிரி கெட்டியாகும். போதுமான கனம் வந்ததும் மிச்சத்தை கவுத்து வெளிய ஊத்திடணும். கொஞ்ச நேரம் விட்டுப் பிரிச்சா உள்ளுக்குள்ள காலியா ஒரு பிள்ளையார். மோல்டு சேந்த எடத்துல இருக்கிற பிசிறை கத்தியால எடுத்து, ஈர ஸ்பாஞ்சால தொடச்சு, காய வெச்சு சூளைக்கு.

ஊத்த ஊத்த பிளாஸ்டர் தேயும். பிள்ளையாரோட தும்பிக்கை மடிப்பு மழுங்கும், மூஞ்சூறு வெறும் உருண்டையா வரும். அதனால மதர் மோல்டுன்னு ஒண்ணு அலமாரியில பத்திரமா இருக்கும். அதுல பொம்மை ஊத்தவே மாட்டாங்க. வேலைக்கு வேண்டிய மோல்டை மட்டும் அதுல இருந்து எடுத்துக்குவாங்க. ஸ்கூல் விட்டு அங்க போயி உக்காந்து வீட்டுப்பாடம் எழுதினவன் நான். எது மூலம், எது நகல், எது நகலுக்கு நகல்னு பாக்குற புத்தி எனக்கு இன்ஜினியரிங் காலேஜுல வரல. அந்தப் பட்டறைச் சிமெண்ட்டுத் தரையில வந்தது.

கேசட் செய்முறை

சரி, சமையல் குறிப்புக்கு வருவோம். சுலபமான வகையை மட்டும் சொல்றேன். இதுக்கு 'என்ரோம்'னு பேரு. 1985 செப்டம்பர்ல வந்த சூப்பர் மரியோ பிரதர்ஸ் இந்த வகை தான்.

அந்த கேம் மொத்தமே 40 கிலோபைட். நம்ம ஆபீஸ் மெயில்ல கீழ ஒட்டுற லோகோ இதை விடப் பெருசு! இதுல 32 கிலோபைட் நிரல், 8 கிலோபைட் படம். ரெண்டும் தனித்தனி சிப்புல இருக்கணும், ஏன்னா பிராசசர் ஒண்ணைப் படிக்கும், படம் வரையிற சிப்பு இன்னொண்ணைப் படிக்கும். கம்ப்யூட்டர்ல நாம பாக்குற கோப்பு 40,976 பைட் இருக்கும். கூட இருக்கிற 16 பைட் எமுலேட்டருக்கு எழுதின முகவரிச் சீட்டு. கேசட்டுக்கு அது வேணாம். கிழிச்சுட்டு, அடுத்த 32,768 பைட்டை ஒரு சிப்புலயும் கடைசி 8,192 பைட்டை இன்னொரு சிப்புலயும் எழுதணும்.

சிப்புக்கு 27சி256, 27சி64 னு பேரு. சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்ல பழைய போர்டுல இருந்து கழட்டினது கிடைக்கும். நடுவுல வட்டமா ஒரு கண்ணாடி ஜன்னல் வெச்ச அழகான சிப்பு. அந்த ஜன்னல் வழியா புற ஊதா வெளிச்சம் ஒரு கால் மணி நேரம் அடிச்சா உள்ள இருக்கிறதெல்லாம் அழிஞ்சு போயி வெத்துப் பலகை ஆயிடும். அப்புறம் புரோகிராமர்ல சொருகி 12.5 வோல்ட் பக்கம் குடுத்து புதுசா எழுதிக்கலாம். எழுதினதும் ஜன்னலை ஸ்டிக்கர் போட்டு மூடிடணும். இன்டெல் தன்னோட டேட்டாஷீட்லயே கணக்கு குடுத்திருக்கு: நேர் வெயில்ல வெச்சா ஒரு வாரம், டியூப்லைட் வெளிச்சத்துல விட்டா மூணு வருஷம், அதுக்குள்ள எழுதினது அழிஞ்சிடலாம்.

போர்டுல 60 பின், பக்கத்துக்கு முப்பது, ஒவ்வொண்ணுக்கும் நடுவுல 2.54 மில்லிமீட்டர். அமெரிக்க மாடலுக்கு 72 பின், இடைவெளி 2.5. இந்த 0.04 மில்லிமீட்டரைச் சின்ன வித்தியாசம்னு நினைச்சா, முப்பதாவது பின்னுக்குப் போறதுக்குள்ள ஒரு மில்லிமீட்டருக்கு மேல தள்ளிப் போயிருக்கும். அப்புறம் 'மிர்ரரிங்'னு ஒரு சின்ன பாலம் போடணும். படம் பக்கவாட்டுல நகர்ற கேமுக்கு செங்குத்து மிர்ரரிங், மேல கீழ நகர்ற கேமுக்கு கிடைமட்டம். பேரு தலைகீழா இருக்கும், செயல் சரியா இருக்கும். மாத்திப் போட்டா மரியோ ஓட ஓட பின்னாடி வந்த மலை முன்னாடி வந்து நிக்கும்.

நான் முதல்ல செஞ்சது மரியோ இல்ல. டேமியன் யெரிக்ங்கிறவரு எழுதின 'கான்சன்ட்ரேஷன் ரூம்', சீட்டைத் திருப்பி ஜோடி சேக்குற கேம். இன்னிக்கும் இந்தப் பழைய பொட்டிக்குப் புதுசா கேம் எழுதுறவங்க உலகம் பூரா இருக்காங்க. இவரு மூலநிரலோட ஜி.பி.எல். உரிமத்துல விட்டிருக்காரு, யாரு வேணா நகல் எடுக்கலாம். பரண்ல கெடந்த டிவி கேமைத் தூசி தட்டி, 2006க்கு அப்புறம் அரசாங்கம் குடுத்த இலவசக் கலர் டிவி இன்னும் எங்க வீட்டுல உயிரோட இருக்கு, அதுல மாட்டி, கேசட்டைச் சொருகி சுவிட்சைப் போட்டா... முதல் தடவையே வந்துடுச்சு. நான் சத்தம் போட்டதுல அடுப்படியில இருந்து அம்மா ஓடி வந்துட்டாங்க.

டிவியைப் பாத்தாங்க. கேசட்டைப் பாத்தாங்க. "இது யாரு பொம்மைடா?" ன்னாங்க.

பட்டறைப் பேச்சுல அதுக்கு அர்த்தம், மதர் மோல்டு யாரோடதுன்னு.

சுருக்கம்

அன்னிக்கு ராத்திரி அவங்க சொன்னது இது. சில பட்டறையில மோல்டு செய்ற செலவை மிச்சம் புடிக்க, அடுத்தவன் செஞ்சு விக்கிற பொம்மையைக் கடையில வாங்கி, அது மேல பிளாஸ்டரை ஊத்தி மோல்டு எடுத்துடுவாங்களாம். "பாத்தா அச்சு அசலா இருக்கும்டா. ஆனா பொம்மைக்குப் பொம்மை எடுத்தா சுருங்கும். பக்கத்துல வெச்சா காட்டிக் குடுத்துடும்."

மண்ணு காயறப்ப கொஞ்சம் சுருங்கும், சூளையில வேகுறப்ப இன்னும் சுருங்கும். வெந்த பொம்மையில இருந்து மோல்டு எடுத்தா அடுத்த பொம்மை அதை விடச் சின்னது. அதுல இருந்து எடுத்தா இன்னும் சின்னது. சதவீதக் கணக்கு போட்டுப் பாத்தேன். ஒரு தடவைக்கு 12 சதவீதம்னா, நாலாவது தலைமுறையில ஓரடிப் பிள்ளையார் ஏழு அங்குலத்துக்கு வந்துடுவாரு.

"கேம்ல அப்படி ஆவாதும்மா. ஆயிரம் தடவை எடுத்தாலும் ஒரு புள்ளி கூட கொறையாது"ன்னு பெருமையா சொல்லிட்டுப் படுத்துட்டேன். ஆனா தூக்கம் வரல. ஏன்னா கொறைஞ்சிருக்கு. எங்க கொறைஞ்சிருக்குன்னு அப்பத் தான் உறைச்சுது.

அந்த மஞ்சக் கேசட்டுல மரியோவை ஆரம்பிச்சா வர்ற முதல் திரை ஞாபகம் இருக்கா? ஒரிஜினல்ல அங்க வருஷமும் நிண்டெண்டோ பேரும் இருக்கும். நகல் எடுத்தவங்க நிறைய கேசட்டுல அந்த வரியை அழிச்சுட்டாங்க. சிலதுல வேற பேரு, சிலதுல வேற வருஷம். டேங்கு கேமோட பேரு பேட்டில் சிட்டி, 1985ல நாம்கோ வெளியிட்டதுன்னு எனக்கு இருபத்தஞ்சு வயசுல தான் தெரியும். மரியோவை வடிவமைச்சவங்க ஷிகெரு மியாமோடோ, தகாஷி தெசுகா. நம்ம எல்லாருக்கும் தூக்கத்துல கூட வர்ற அந்தப் பாட்டைப் போட்டவரு கோஜி கோண்டோ. இளையராஜா பாட்டுன்னா இன்னாரு பாட்டுன்னு சண்டை போடுற ஊருல, பத்து வருஷம் ஒரு பாட்டைக் கேட்டுட்டு போட்டவரு பேரு தெரியாமலே வளந்திருக்கோம். தப்பு நம்ம பேருல இல்ல, பேரு வந்தே சேரல.

மண்ணு நகல்ல உருவம் சுருங்குது. இதுல உருவம் அப்படியே இருக்கு, செஞ்சவன் சுருங்கிப் போறான். எனக்கு ஒரு வருஷம் சால்டர் புகையில உக்காந்ததுல கிடைச்ச ஒரே ஞானம் இது தான்.

நூறு பீஸ்

அடுத்து கான்ட்ரா. இது 128 கிலோபைட், பிராசசரால ஒரே நேரத்துல அவ்வளவையும் பாக்க முடியாது. அதனால 16 கிலோபைட் துண்டா நறுக்கி, வேண்டிய துண்டை மட்டும் மாத்தி மாத்திக் காட்ட 74எச்.சி.161, 74எச்.சி.32 னு ரெண்டு சாதாரண லாஜிக் சிப்பு வேணும். படத்துக்கு 8 கிலோபைட் ராம். ஒரு ஞாயித்துக்கிழமை பூரா உக்காந்து எனக்காக ஒண்ணு செஞ்சு, போட்டோவை ஒரு வாட்ஸப் குழுவுல போட்டேன்.

மறுநாள் ஒருத்தர் கூப்பிட்டாரு. பழைய கேம் சாமான் சேகரிக்கிறவங்களுக்கு வித்துக் குடுக்கிறவரு. "தம்பி, கைவேலை சுத்தமா இருக்கு. நூறு பீஸ் வேணும். ஒண்ணுக்கு தொள்ளாயிரம் தரேன். ஜப்பான் லேபிள் நான் அச்சடிச்சுத் தரேன், ஒட்டி மட்டும் குடுங்க." செலவு போக எப்படியும் அம்பதாயிரம் நிக்கும். ஜப்பான்ல இருந்து வந்த பழைய சரக்குன்னு சொல்லி அவரு அதைப் பல மடங்குக்கு விப்பாரு.

இதுல ஒரு சேதி. ஜப்பான்ல 1988ல வந்த கான்ட்ராவுல கோனாமி தன் சொந்த சிப்பு வி.ஆர்.சி.2 வைப் போட்டிருந்துச்சு. அமெரிக்காவுல வித்ததுல தான் இந்த 74 வரிசை சிப்பு. ஆக அவரு கேட்டது மேல ஜப்பான் தோல், உள்ள அமெரிக்க எலும்பு. யாராவது கேசட்டு வாங்குறீங்கன்னா, முடிஞ்சா திறந்து காட்டச் சொல்லுங்க. ஒரிஜினல்ல அச்சுலயே தகவல் பதிஞ்ச மாஸ்க் ரோம் இருக்கும். ஜன்னல் வெச்ச சிப்போ, ஒட்டுப் போட்ட கம்பியோ தெரிஞ்சா அது என்னை மாதிரி ஒருத்தன் செஞ்சது.

சட்டம் என்ன சொல்லுதுன்னு கேப்பீங்க. நம்ம 1957 காப்புரிமைச் சட்டத்துல 1984 திருத்தத்துக்கு அப்புறம் கம்ப்யூட்டர் நிரலும் அடக்கம். முறையா வாங்கி வெச்சிருக்கிறவன் பத்திரத்துக்கு ஒரு நகல் எடுத்துக்க எடம் குடுக்குது. விக்கிறதுக்கு நூறு எடுக்க எந்த எடமும் இல்ல. நாப்பது வருஷம் ஆன கேமுக்குக் கூட உரிமைக் காலம் இன்னும் முடியல.

அம்மாகிட்ட சொன்னேன். ஏன் சொன்னேன்னா, அந்த அம்பதாயிரத்துக்கு வீட்டுல ஒரு வேலை காத்துக்கிட்டிருந்துச்சு. அவங்க பட்டறை மூடுறப்போ பாக்கிக் கூலிக்குப் பதிலா கொஞ்சம் மோல்டைக் குடுத்து அனுப்பிட்டாங்க. பிள்ளையாரு, கிருஷ்ணரு, தாத்தா பாட்டி தலையாட்டுற செட்டு. தோட்டத்துக் கொட்டகையில சாக்கு போட்டு மூடி வெச்சிருக்காங்க. சின்னதா ஒரு மின்சூளை வாங்கி சொந்தமா பொம்மை போடணும்னு அவங்களுக்கு ஆசை. முன்பணத்துக்கு இது சரியா இருந்திருக்கும்.

முழுசா கேட்டுட்டு அம்மா கேட்ட முதல் கேள்வி, "ரேட்டு ஏத்திக் கேட்டியா?"

"அம்மா, அதுல செஞ்சவன் பேரு பொய்யா இருக்கும்."

"நான் பதினெட்டு வருஷம் போட்டதுல எதுல என் பேரு இருந்துச்சு? எவனெவனோ ஸ்டிக்கர் ஒட்டி வித்தான். அந்தக் காசுல தான நீ படிச்ச?"

எனக்குப் பதில் இல்ல. இப்பவும் அந்தக் கேள்விக்கு முழுசா பதில் இல்ல. யோசிச்சுப் பாத்தா ஒரு வித்தியாசம் தான் தெரியுது. அவங்க பேரு இல்லாம போனதுக்கு அவங்க காரணம் இல்ல, யாரும் கேக்கல. என்கிட்ட லேபிளைக் குடுத்து நீயே ஒட்டுன்னு சொல்றாங்க. ஒட்டுற கை என்னோடது. அவருக்குப் போன் பண்ணி, "உள்ள என்ன இருக்குன்னு வெளிய எழுதி, நகல்னு போட்டு, உரிமம் குடுத்த கேம் எதுனா செய்யலாம்னா சொல்லுங்க"ன்னேன். "அதை எவன் வாங்குவான் தம்பி?" ன்னு சிரிச்சுட்டு வெச்சுட்டாரு. அம்மா ரெண்டு நாள் சரியா பேசல.

எட்டு வேணும்னா ஒம்போது

அப்புறம் நான் செய்ய ஆரம்பிச்சது ஆடு புலி ஆட்டம். மூணு புலி, பதினஞ்சு ஆடு, இருவத்தி மூணு புள்ளி. கோயில் மண்டபத் தரையில கட்டம் கீறி வெளயாடுவாங்களே, அதே தான். இதுக்கு யாரு பேரையும் அழிக்க வேண்டியதில்ல, அழிக்கப் பேரும் இல்ல.

திரையில தமிழ் வரணும்னு ஆசை. அந்தப் பொட்டிக்கு எல்லாமே எட்டுக்கு எட்டு புள்ளி வெச்ச ஓடு. ஒரு பலகைக்கு 256 ஓடு, ரெண்டு பலகை. தமிழ் எழுத்து 247 தானே, அடங்கிடும்னு தோணும். ஆனா எட்டு புள்ளியில 'கு' எழுதலாம், 'ணை' எழுத முடியாது. பதினாறுக்குப் பதினாறு வேணும்னா ஒரு எழுத்துக்கு நாலு ஓடு. 247 எழுத்துக்கு 988 ஓடு, இருக்கிறது மொத்தம் 512. அதனால கேமுக்கு வேண்டிய எழுத்தை மட்டும் வரைஞ்சேன். ஆ, டு, பு, லி, வெ, ட்... புலி வாலு மாதிரி 'லி'யோட கொம்பு வளையணும்னு ஒரு ராத்திரி முழுக்கப் போச்சு.

டப்பாவுக்கு என்ன பண்றதுன்னு வந்தப்ப தான் அம்மா கோவம் தணிஞ்சு பக்கத்துல வந்து உக்காந்தாங்க. "மண்ணுலயே ஊத்திடலாமேடா." ஆமாங்க, கேசட்டுக்குப் பீங்கான் டப்பா! மாதிரி வடிவத்தை முப்பரிமாணப் பிரிண்டர்ல எடுத்தா, அது மேல அம்மா பிளாஸ்டர் மோல்டு போடுவாங்க. எவ்வளவு பெருசா எடுக்கணும்? 12 சதவீதம் சுருங்கும்னா 100 மில்லிமீட்டருக்கு 112 வெச்சாப் போதும்னு தோணும். 112ல 12 சதவீதம் போனா 98 சொச்சம் தான் வரும், போர்டு உள்ள போகாது. நூறை 0.88 ஆல வகுக்கணும், 113.6. நான் கால்குலேட்டரைத் தேடுறதுக்குள்ள அம்மா சொன்னாங்க, "எட்டு வேணும்னா ஒம்போது வைக்கணும்." கணக்குப் போட்டுப் பாத்தா 112.5. கிட்டத்தட்ட சரி. அவங்க வகுத்தல் படிச்சது அஞ்சாங்கிளாஸ் வரைக்கும்.

நாலு ஜோடி ஊத்தினதுல ரெண்டு கோணிக்கிச்சு. தட்டையான சாமான் சூளையில கோணுறது மண்ணோட குணம். மிச்ச ரெண்டும் தெரிஞ்சவங்க சூளையில அகல் விளக்கு லோடோட ஓரமா வெந்து வந்துச்சு. கையில எடுத்தா கனம், கீழ விட்டா காலி. விக்கிறதுக்கு உதவாது, ஆனா சொருகிப் பாக்குற சுகமே தனி.

பட்டறையில பீஸ் ரேட்டு கூலி. யாரு எத்தனை ஊத்தினாங்கன்னு எண்றதுக்காக ஆளுக்கொரு அடையாளம் பொம்மை அடியில கீறி வெப்பாங்க. அம்மாவுக்கு மூணு கோடு. எண்ணி முடிச்சதும் ஈர ஸ்பாஞ்சால அதைத் தொடச்சுட்டுத் தான் சூளைக்கு அனுப்புவாங்க. இந்த டப்பாவுக்குள்ள அந்த மூணு கோடு இருக்கு. நான் சொல்லல, அவங்களா தான் போட்டாங்க, தொடைக்கல. போர்டுல என் பேரு, நான் பாத்துக் கத்துக்கிட்டவங்க பேரு, செஞ்ச வருஷம், 'இது நகல் போர்டு'ங்கிற வரி, எல்லாம் அச்சுலயே இருக்கு.

பரண்ல பாருங்க

கடைசியா ஒரு உதவி. சிப்புல எழுதினது சாஸ்வதம் இல்ல. ஜன்னல் சிப்புல இருக்கிற மின்னூட்டம் வருஷக் கணக்குல மெதுவா கசியும். மஞ்சக் கேசட்டுல கறுப்புப் பொட்டுக்கு அடியில இருக்கிற கம்பி தலைமுடியை விட மெல்லிசு. ஒரு தடவை விட்டுப் போச்சுன்னா கழட்டி மாத்தவும் முடியாது. ஒரிஜினல் மரியோவைப் பாதுகாக்க உலகத்துல ஆயிரம் பேரு இருக்காங்க. நம்ம ஊருத் திண்ணையில ஓடின அந்தத் திருத்தின நகலுக்கு, பேரு அழிஞ்ச அந்த முதல் திரைக்கு, யாரு இருக்கா? அது திருட்டு தான். ஆனா ஒரு தலைமுறை எதைப் பாத்து வளந்துச்சுங்கிறதுக்கு அது தான் சாட்சி.

அதனால உங்க வீட்டுப் பரண்ல பழைய கேசட் இருந்தா பழைய பேப்பர்காரருக்குப் போட்டுடாதீங்க. பின் முனையை ஐசோபுரோப்பைல் ஆல்கஹால்ல தொட்டு மெதுவா தொடைங்க, ஊதாதீங்க, எச்சில் பட்டா பின்னு அரிக்கும். உள்ள இருக்கிறதைப் படிச்சு எடுக்க ஆர்டுயினோ மெகா போர்டு ஒண்ணு இருந்தாப் போதும், அதுக்கான வரைபடம் இணையத்துல இலவசமாவே கிடைக்குது. எடுத்து வைக்கிறப்போ எந்த ஊர்ல, எந்த வருஷம், யாரு வாங்கினதுன்னு ஒரு வரி சேத்து எழுதி வைங்க. பேரு சுருங்காம இருக்கட்டும்.

மின்சூளை இன்னும் வாங்கல. மாசாமாசம் கொஞ்சம் எடுத்து வெச்சிட்டிருக்கேன். கொட்டகையில இருக்கிற மோல்டை அம்மா வாரத்துக்கு ஒரு தடவை வெயில்ல வெச்சு எடுக்குறாங்க. அப்பப்போ அந்த நூறு பீஸ் கணக்கையும் ஞாபகப்படுத்துறாங்க.

பி.கு: பீங்கான் டப்பா எங்க கிடைக்கும்னு யாரும் கேக்காதீங்க. இருக்கிறதே ரெண்டு. ஒண்ணு என்கிட்ட, இன்னொண்ணு அம்மா ஷோகேஸ்ல, தலையாட்டுற தாத்தாவுக்குப் பக்கத்துல :-)